நோட்டரி வாசலில் பந்தெலெய்

கோரினாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால், தாயிடம் வந்து சேரும் பிள்ளை என்று அவளை இத்தாலி ஏற்காது. அதற்குள் தகப்பனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். தகப்பன் பந்தெலெய், பெண்டாட்டி ரயிசா இத்தாலியில் கிழவர்களைக் குளிப்பாட்டி அனுப்பிய காசில் மால்டோவாவில் தொப்பை வளர்த்தவன்.

ரயிசா வெள்ளிக்கிழமை ஊர் வந்து இறங்கியதும் நோட்டரியிடம் கிளம்பச் சொன்னாள். நல்ல காரியத்துக்கு ஒரு கிண்ணம் ஒயின் என்று நிலவறைக்குள் இறங்கிய பந்தெலெய் ஒரு குடத்தைக் காலி செய்துவிட்டுத்தான் ஏறினான். நோட்டரியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"குடிச்சவன் கையெழுத்து செல்லாதும்மா. செவ்வாய்க்கிழமை தெளிவாக் கூட்டிட்டு வா."

இடையில் திங்கட்கிழமை, செத்தவர்களின் ஈஸ்டர். ஊரே கல்லறைகளின்மேல் துணி விரித்து ஒயின் குடிக்கும் நாள். அன்று குடித்தால் பந்தெலெய் வியாழன்வரை எழமாட்டான். ரயிசா புதன்கிழமையே பஸ் ஏற வேண்டும்.

"குடிக்காம எங்கப்பன் கல்லறையில நின்னா ஊர் காறித் துப்பாதா?"

"இப்ப மட்டும் பூவா போடுது? கிண்ணத்தைப் பிடி. உள்ள செர்ரிச் சாறுதான்னு எவனுக்குத் தெரியும்?"

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"தோல் ஜாக்கெட்."

"இத்தாலியில வாங்கினதா?"

"ஆமாடா சனியனே."

திங்கட்கிழமை கல்லறையில் கோரினா சாற்றுக் குடத்தோடு அவன் பக்கத்திலேயே நின்றாள். வேறு யார் ஊற்ற வந்தாலும், "அப்பாவுக்கு நான்தான் ஊத்துவேன்," என்றாள். ஊர் மெச்சியது. பந்தெலெய் சாற்றைக் குடித்துத் தள்ளாடினான், பாடினான், அப்பனின் சிலுவையைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டான். கடைசியில் பாதிரியாரே கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார். வாழ்நாளில் அவன் ஒழுங்காகப் பார்த்த ஒரே வேலை அதுதான்.

செவ்வாய் காலை நோட்டரி வாசலில் நின்றுகொண்டு விலையை ஏற்றினான்.

"ஜாக்கெட் கட்டாது. மோட்டார் சைக்கிள் வேணும்."

ரயிசா பேரமே பேசவில்லை. எதிர்க் கடையில் அவனுடைய கூட்டாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்களக் கூப்பிடவா? நேத்து நீ ஜூஸ் குடிச்சிட்டு அழுதேன்னு சொல்லவா?"

பெண்டாட்டி காசில் தின்பவன் என்றாலும், சோம்பேறி என்றாலும் அவனுக்கு உறைக்காது. ஆனால் குடிகாரன் என்ற பேரும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? முகம் வெளிற உள்ளே ஓடி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டான். "அங்க போனதும் அப்பாவை மறந்துடாதம்மா."

கோரினா மை காயட்டும் என்று காகிதத்தை ஊதிக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல அவளுக்கு வாய் ஒழியவில்லை.