வலது பக்கம் இழுக்குது

"இன்னும் வலது பக்கம் இழுக்குது" என்றார் என் கணவர். இது நான்காவது முறை.

வண்டியைச் சக்கரக் கோணம் அளக்கும் மேடையில் ஏற்றிவிட்டு இறங்கி, கதவை இடுப்பால் இடித்துச் சாத்தினார். வேறு யாராவது அப்படிச் சாத்தியிருந்தால் அன்று முழுக்க அவரிடம் பாட்டு வாங்கியிருப்பார்கள்.

எங்கள் பட்டறையில் இன்ஜின் அவர் பொறுப்பு, சக்கரம் என் பொறுப்பு. இருபத்து மூன்று வருடமாக வண்டிகளை நேராக ஓடவைப்பது என் வேலை. இந்தச் சிவப்பு வண்டி வாடிக்கையாளருடையது அல்ல, எங்களுடையது. வருடத்துக்கு நான்கு முறை பந்தயத் தடத்தில் அவர் அதை ஓட்டுவார். இந்த முறை முதல் பாதியை அவரும் இரண்டாம் பாதியை எங்கள் மகளும் ஓட்டுவதாகப் பேச்சு. பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அன்று வியாழன்.

மூன்று மாதத்துக்கு முன்பு வண்டியை நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்தினோம். தாழ்த்தினால் வளைவில் சாயாது. ஆனால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையும் அதைத் திருப்பும் டை ராடும் பழைய கோணத்தில் இருக்காது. ஒன்று ஒரு வட்டத்தில் ஏறும், மற்றது வேறு வட்டத்தில் ஏறும். சின்ன மேடு வந்தால்கூடச் சக்கரம் யாரையும் கேட்காமல் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அவருடைய முதல் புகார் அதுதான், அது நிஜமான புகார். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் ஐந்தைந்து மில்லிமீட்டராகத் தூக்கி, ஒவ்வொரு உயரத்திலும் எவ்வளவு திரும்புகிறது என்று எழுதினேன். பக்கத்துக் கடை வெல்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, சக்கரத்துக்கு ரேங்க் கார்டு போடுறியா? பாஸா, ஃபெயிலா?" என்றார். டை ராடின் முனையில் ஒரு வளையத்தை வைத்தேன். போதவில்லை, கொஞ்சம் தடிமனாக இன்னொன்று. மூன்றாவது வளையத்தில் சக்கரம் அடங்கியது. இரண்டு நாள் வேலை. அன்று எனக்கிருந்த நிறைவை இப்போது நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

அதன் பிறகுதான் இந்த வலது பக்கம் வந்தது.

முதல்முறை டயர்களை இடம் மாற்றிப் பார்த்தேன், பிரேக் உரசுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை வலது சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தேன். இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். வலது சக்கரம் இடதைவிட அதிகமாக உள்ளே சாய்ந்தால் வண்டியை இடப்பக்கம் தள்ளும். "இப்போ பரவாயில்ல" என்றார். பத்து நாள் கழித்து மறுபடி இழுத்தது. மறுபடி சாய்த்தேன்.

வண்டி இழுக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு சாதாரணச் சோதனை உண்டு. ஆள் நடமாட்டமில்லாத சமமான சாலையில் மெதுவாக ஓட்டி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கையை நம்பாதே, கையை விடு.

இரண்டாவது முறை அவர் புகார் சொன்னபோது, எதையும் திருப்புவதற்கு முன்பு, அந்தச் சோதனையைச் செய்தேன். நூறு மீட்டருக்கு வண்டி நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. சாலை இடப்பக்கம் சரிந்திருப்பதால்தான் நேராகப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கேம்பரை மாற்றினேன். மூன்றாவது முறை சோதனையே செய்யவில்லை. என்ன தெரியவரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த மூன்றாவது முறைக்கு முந்தைய நாள், அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய விரல்களைப் பார்த்தேன். இடது கை நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. வலது கை நகங்கள் நீளமாக, உள்ளே கிரீஸ் கறுத்துக் கிடந்தன. வலது கை நகத்தை வெட்ட இடது கை வேண்டும். நான் நகவெட்டியை எடுத்துவந்து, "கையைக் கொடுங்க" என்றேன்.

"என்ன திடீர்னு இவ்வளவு பாசம்?"

"கிரீஸ் கையால சாப்பிடுறீங்க. பார்க்கச் சகிக்கல."

ஐந்து விரலையும் வெட்டிவிட்டேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கியர் மாற்றும்போது கியரின் பற்கள் உரசும் சத்தம் கேட்கத் தொடங்கி ஒரு மாதமாகியிருந்தது. கியர் கம்பி இடது கைப் பக்கம். கிளட்ச் கேபிள்தான் காரணம் என்று சொல்லிப் புதுசு போட்டார். நானும் ஆமாம் என்றேன்.

ஏன் ஆமாம் என்றேன்? குறை வண்டியில் இருக்கும்வரை அது என் ஸ்பேனருக்கு எட்டும் இடத்தில் இருந்தது. கால் டிகிரி, அரை டிகிரி என்று திருப்பலாம், கோணம் காட்டும் திரையில் எண் மாறும், அவர் முகமும் கொஞ்சம் தெளியும். அந்தத் தெளிவுக்காக நான் ஒரு நேரான வண்டியைக் கோணலாக்கிக்கொண்டே வந்தேன். பந்தயத் தடத்தில் அந்தக் கோணலோடு அவர் போவார் என்பதை யோசித்தேன். அவர் சமாளிப்பார் என்று அதையும் ஒதுக்கினேன். இரண்டாம் பாதியில் அதே இருக்கையில் மகள் உட்காருவாள் என்பது மட்டும் எனக்கு எப்படி உறைக்காமல் போனது?

அன்று நான்காவது முறையும் வலது சக்கரத்தைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் வந்து நின்றாள். "நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்மா" என்று சாவியை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, வண்டி இடது பக்கமா ஓடுது. பிரேக் அடிச்சா இன்னும் மோசம். இழுத்துப் பிடிக்கலன்னா மதில் மேல ஏத்தியிருப்பேன்."

"இப்பதான் உங்கம்மா சரி பண்ணின வண்டி அது. உனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லு" என்றார் அவர்.

"கைய விட்டுப் பார்த்தேன்பா. விட்டா இடதுதான் போகுது." அவள் திரைக்கு முன்னால் போய் நின்றாள். "வலது ரெண்டே முக்கால் டிகிரி, இடது ஒன்றரையா? ஏம்மா, இதை நான் செஞ்சிருந்தா நீ என்னப் பட்டறைய விட்டே துரத்தியிருப்ப."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் தப்பா வெச்சேன்" என்றேன்.

"நீயா? தப்பாவா?" அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு பக்கமும் இரண்டு டிகிரி வைத்தேன். பூட்டு நட்டுகளை முறுக்கிவிட்டு, அதற்கு மேல் திரும்பாது என்று தெரிந்தும் இன்னொரு முறை முறுக்கினேன். ஒரு மணி நேரம் ஆனது. அவர் வாசலில் பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, போய்ப் பார்க்கலாம்."

"நீயே ஓட்டு."

"இல்ல. நீங்க ஓட்டுங்க."

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நீளச் சாலை உண்டு. அந்த மதிய நேரத்தில் லாரிகள்கூட இல்லை. நான் இடப்பக்க இருக்கையில் இருந்தேன். முப்பதில் போகச் சொன்னேன்.

"கைய விடுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"விடுங்களேன்."

விட்டார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்குக்கு மேலே, தொடாமல் நின்றன. நடுக்கோட்டுக்கும் எங்களுக்கும் இருந்த இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மின்கம்பங்களை எண்ணினேன். ஐந்து, ஆறு.

"இப்போ பிடிங்க."

பிடித்தார். வலது கை ஸ்டியரிங்கை அழுத்திப் பற்றித் தன் பக்கம் இழுத்தது. இடது கை அதன் மேல் வெறுமனே கிடந்தது. நடுக்கோடு மெல்ல எங்களை நோக்கி வந்தது. திருத்தினார். மறுபடி வந்தது.

"பாத்தியா, வலது பக்கம்..." என்று தொடங்கியவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

சாலை கொஞ்சம் சரிந்து இறங்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தினார்.

"எப்போலருந்து தெரியும் உனக்கு?"

"மூணாவது தடவைலருந்து."

"தெரிஞ்சும் திருப்பிட்டே இருந்திருக்க."

"ஆமா."

"அவ உக்காரப் போற வண்டியில."

அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"புது கேபிள் போட்ட அன்னிக்கும் கியர் விழல" என்றார் கடைசியில். "அன்னிக்கே தெரியும். சட்டை பட்டன் போட அரை மணி நேரம் ஆகுது. நீ ஒவ்வொரு தடவையும் சரி பண்ணிக் குடுத்தியா, வண்டிதான் போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் செய்ததன் முழு அளவு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சக்கரத்தை மட்டுமல்ல, அவரையும் இரண்டு மாதம் கோணலாகவே ஓடவிட்டிருக்கிறேன். அந்த இரண்டு மாதத்தில் என்னவெல்லாம் கைமீறிப் போயிருக்கும்?

"நாளைக்குக் காலைல டாக்டரைப் பார்க்கிறோம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பாதியும் அவ ஓட்டட்டும்" என்றேன்.

"டாக்டரும் மேடையில ஏத்தி, கால் டிகிரி திருப்பிப் பார்ப்பாரோ?"

சிரிக்க முயன்றேன். வரவில்லை. அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

இறங்குவதற்காக இடது கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஒரு கிளிக், இரண்டு. அதற்கு மேல் கை போகவில்லை. பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்ததும் வண்டி சரிவில் மெல்ல நகரத் தொடங்கியது. அவர் என்னைப் பார்க்காமல் கையை அங்கேயே வைத்திருந்தார். அந்தக் கையின் மேல் என் வலது கையை வைத்து இழுத்தேன். மூன்று. நான்கு. வண்டி நின்றது.

"சாவிய எடு" என்றார். "திரும்பி நீ ஓட்டு."