முதலாளியின் கைகுலுக்கல்

விடியலுக்கு முன்பே கொதிகலன் உறுமத் தொடங்கிவிடும். அதற்குத் தீனி போடுகிறவன் நான். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவை ஆலை அது. காரத் தண்ணீரில் ஊறிய விரிப்பைப் பெண்கள் இருவர் இருவராக நின்று, ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்குவார்கள். பிழியும் மெஷின் பழுதாகி வருஷக்கணக்காகிறது. பெண்களின் கை அதைவிட மலிவு.

என் முழங்கால்கள் எழுந்து நிற்கும்போது போடும் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். அதைக் கேட்டே ஆட்கள் வேலைக்கு வந்துவிடுவதால் ஆலைச் சங்கை முதலாளி விற்றுவிட்டார்.

மரியாதை தெரிந்தவர் அவர். தினமும் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார். கொடுத்த கையின் விரல்கணுக்களைச் சேர்த்து ஓர் அமுக்கு. முகம் சுளித்தவர் அப்படியே வீட்டுக்குப் போகலாம், திரும்ப வரவேண்டாம்.

என் மகள் பிழிகிற பகுதியில் இருக்கிறாள். காலையில் அவள் விரல்கள் மடங்கியபடியே இருக்கும். வெந்நீரில் வெகுநேரம் வைத்தால்தான் விரியும். கணுக்கள் சிவந்து, உப்பி, தொட்டால் சுடும். அடுக்களையில் நான் முதலாளி மாதிரி அவள் கையை அமுக்குவேன். அவள் முகம் சுளிக்காமல் சிரிக்கப் பழகுவாள். இப்படி ஓர் அப்பன்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம், "அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே வியாதிங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல பெரியவரே. உங்களுக்கு மூட்டுக்குள்ள இருக்கற மெத்தை தேஞ்சுபோச்சு. பொண்ணுக்கு, உடம்பக் காக்கற படையே ஆள் தெரியாம மூட்டோட உள்சவ்வ அடிக்குது. சவ்வு வீங்கி நீர் கோத்துக்குது. அதான் தொட்டாலே உயிர் போகுது."

"எங்க முதலாளி கால் பெருவிரல்ல வேட்டி பட்டாக்கூட அலறுறாரு."

"பாக்காம சொல்ல முடியாது. யூரிக் அமிலம் கூடிப்போயிருக்கலாம். மூட்டுக்குள்ள ஊசி ஊசியாப் படிஞ்சு குத்தும்." பிறகு மகளைப் பார்த்தார். "மருந்து கேக்கச் சில மாசம் ஆகும்மா. அதுவரைக்கும் பிழியாதே. விட்டா விரல் கோணிடும்."

மதியம் ஆலையில் சாப்பிடும்போது மகள் இதைச் சொன்னாள். அவளோடு மறுமுனை பிடிக்கும் வாயாடி, "மடிக்கிற மேசைக்கு மாத்தச் சொல்லிக் கேளுடி" என்றாள்.

"கேட்டா எனக்கு வலின்னு தெரிஞ்சிடுமேக்கா. வெளிய தள்ளிடுவாரு."

வாயாடி மெல்லுவதை நிறுத்தினாள். "யாருக்குன்னு தெரிஞ்சாத்தானடி தள்ளுவான்?"

மறுநாள் முதலாளி கால் பெருவிரலில் கட்டோடு வந்தார். முதல் கை இஸ்திரிக்காரனுடையது. தேங்காயைக் கையாலேயே உடைப்பவன். முதலாளி தொட்டதுதான் தாமதம், "ஐயோ அம்மா!" என்று அவன் போட்ட கூச்சலில் மேலே போன காக்கை பறப்பதை மறந்து ஒரு கணம் அப்படியே நின்றது. நான் பார்த்தேன். அடுத்தவள் கத்தினாள். அதற்கடுத்தவள் உட்கார்ந்தே விட்டாள். என் மகளும் கத்தினாள். அவள் கத்தியதில் மட்டும் நடிப்பில்லை. அது எனக்கும் வாயாடிக்கும் மட்டுமே தெரிந்தது.

"எல்லாருக்குமா வலி? நாடகமா போடறீங்க?"

"உங்க பெருவிரல் வலிக்குதுன்னீங்களே, நாங்க அமுக்கியா பாத்தோம்?" என்றாள் வாயாடி. "மெஷினைச் சரிபண்ணுங்க. கை முடியாதவங்களுக்கு மடிக்கிற மேசை குடுங்க. அதுவரைக்கும் ஒரு விரிப்பும் பிழிய மாட்டோம்."

"உங்கள விட்டா ஆளே இல்லையா? வெளிய வரிசையா நிக்கிறான்!"

"அவங்களுக்கும் கை இருக்குல்ல முதலாளி?" என்றேன் நான்.

இரும்புக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே கொதிகலன் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே நாங்கள் உட்கார்ந்திருக்க, வெயில் ஏறியது. நாளைக்கு அடுப்பெரியுமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அழுக்கு விரிப்புகளோடு லாரி வந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, கூட்டமா உக்காந்திருக்கீங்க? யாராவது போய்ட்டாங்களா?"

"இல்லப்பா. கைவலி."

"யாருக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் எழுந்தாள். வீங்கிய கைகளை எல்லோரும் பார்க்க நீட்டினாள்.

"எனக்குண்ணே."

"எனக்கும்" என்று வாயாடி பக்கத்தில் நின்றாள். பிறகு இஸ்திரிக்காரன். பிறகு எல்லோரும்.

ஓட்டுநர் அந்தக் கைகளைப் பார்த்தார். லாரியைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கி வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார்.