இடியைக் காணோம்

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்குச் சரக்குக் கிடங்கில் இடி என்று பெயர். பின்னால் நகரும் லாரியைப் பார்த்து "ஹோல்டான்" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் அந்த லாரி நிற்கும். அடுத்த கிடங்கில் நகர்கிற லாரியும் எதற்கு வம்பு என்று நின்றுவிடும். நானும் அதே கிடங்கில்தான் மூட்டை தூக்குகிறேன். அவர் சத்தத்தில் என் காது பாதி போயிற்று. மீதிப் பாதியை அம்மா பார்த்துக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷரைப் பேராலயத்துப் பாடகர் குழுவில் மூன்று மாதம் வைத்துப் பார்க்கிறோம் என்று எடுத்துக்கொண்டபோது, அம்மா தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

"எங்க மாப்பிள்ளை வாயத் திறந்தா அந்தக் கண்ணாடி ஜன்னல் ஒண்ணும் மிஞ்சாது, பாத்துக்கோங்க."

பாட்டு அவருக்குப் புதிதில்லை. சின்ன வயதில் அதே பேராலயத்தில் மேல்குரல் பாடியவர். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பயிற்சி, விட்ட பிறகு பயிற்சி, இடையில் பியானோ. புத்தகம் படிப்பதுபோல இசைத் தாளைப் படிக்கக் கற்றது அங்கேதான். குரல் உடைந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். குலுக்கிய கை மூட்டைக்குப் போயிற்று. பகலில் ஒரு லோடு, ராத்திரியில் ஒரு லோடு என்று உழைத்து, இப்போது நடு முதுகில் எலும்பு ஒன்று இடம் மாறி நிற்கிறது. ராத்திரி லோடை விடு, இல்லையென்றால் முதுகை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராத்திரி லோடை விட்டால் வீட்டு வாடகையை யார் கட்டுவது?

அந்த நேரத்தில்தான் பேராலயத்தில் கீழ்க்குரல் பாடுகிற ஓர் இடம் காலியானது. தினமும் சாயங்காலம் ஒரு வழிபாடு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. மாதச் சம்பளம். ராத்திரி லோடில் வருவதற்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இடம் கிடைத்தால் முதுகு பிழைக்கும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெள்ளை அங்கியும் மெழுகுவர்த்தியுமாகத் தெரியும். உள்ளே அது வேலை. கீழ்க்குரலில் மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் தபால்காரர், மூன்றாவது எங்கள் இடி. ஆளுக்கொரு பையோடு வேலை முடிந்து ஓடி வருவார்கள். அன்றைக்குப் பாட வேண்டிய தாளை அன்றைக்குத்தான் கையில் கொடுப்பார்கள். ஒரு மணி நேரப் பயிற்சி, உடனே வழிபாடு. நாளைக்கு வேறு பாட்டு. நேற்றையதை நினைத்து அழக்கூட நேரம் கிடையாது.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியில் யாராவது தப்பாகப் பாடினால், பாடிக்கொண்டே கையைத் தூக்க வேண்டும். என் தப்புதான், எனக்கே தெரிந்துவிட்டது, எனக்காக நிறுத்த வேண்டாம், மேலே போங்கள் என்று அர்த்தம். முதல் வாரம் மாமாவின் கை இறங்கவே இல்லையாம்.

"பஸ்ல கம்பியப் பிடிச்சுட்டு வர்றீங்களான்னு பல் டாக்டர் கேக்கறார்" என்று வீட்டில் வந்து சொன்னார்.

அம்மாவுக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. "தப்பு பண்ணினவன் தானா வந்து கையத் தூக்குவானா? என்ன ஊரு இது! இத்தனை வயசுக்கு நான் ஒரு தடவை தூக்கிருக்கேனா?"

"தூக்கினதில்லம்மா. எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா, அங்கியின் தோள் தையலைப் பிரித்துக்கொண்டே. முந்தைய ஆளின் அங்கி அது. மூட்டை தூக்கிய தோளுக்குப் போதாமல் அக்குளில் கிழிந்திருந்தது.

கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது. பழைய படிப்பு திரும்பி வந்தது. ஆனால் குழுவை நடத்துகிற கொயர் மாஸ்டர் ஒரு பெண்மணி; அவர் முகம் மட்டும் மாறவில்லை. ஆள் என் தோளுக்குத்தான் இருப்பார்; அவர் புருவம் அசைந்தால் மொத்தக் குழுவும் மூச்சைப் பிடிக்கும். "சுரம் சரி, தாளம் சரி. ஆனா நீங்க தனியாத் தெரியறீங்க" என்பார். மாமா சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். "இப்ப ஒளிஞ்சுக்கறீங்க. ஒளியச் சொல்லல, சேரச் சொன்னேன்" என்றார். இரண்டு மாதம் இதே பாட்டுத்தான்.

"கத்தினாலும் திட்டு, கத்தலைன்னாலும் திட்டு. இதுக்கு லாரியே மேல்டா" என்றார் என்னிடம், மூட்டையை இறக்கியபடி. அவருக்கு உள்ளூரப் பயம். மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

வழி காட்டியது பல் டாக்டர். மற்றவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், ஒரு நாள் மாமாவைக் கொஞ்சம் மூடச் சொன்னார்.

"நீங்களும் நானும் தபால்காரரும் ஒரே எடத்துல மூச்சு எடுக்கறோம். அங்க ஓட்டை விழுது. நான் மூச்சு எடுக்கறப்ப நீங்க எடுக்காதீங்க. நீங்க எடுக்கறப்ப நாங்க பிடிச்சுக்கறோம். எடுத்துட்டுத் திரும்ப வர்றப்ப தடால்னு வராதீங்க. நைசா வந்து சேருங்க."

மாமா அவரையே பார்த்தாராம். "தோள் மாத்தறதைச் சொல்றீங்களா?"

நீளமான இரும்புக் கம்பத்தை நாலு பேர் தூக்கிப் போகும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் தோள் மாற்ற முடியாது, கம்பம் காலில் விழும். ஒருவன் மாற்றும்போது மற்றவர்கள் தாங்க வேண்டும். மாற்றியவன் சட்டென்று உயரத் தூக்கினாலும் ஆபத்து. அடுத்தவன் தோள் காலியாகி மூன்றாமவன் கழுத்தில் பாரம் ஏறும். கிடங்கில் வீரம் காட்டுகிறவனை யாரும் ஜோடி சேர்ப்பதில்லை. இதையெல்லாம் பல் டாக்டருக்கு விளக்க, கம்பத்துக்குப் பதில் உடை மாற்றும் அறையிலிருந்த பெஞ்சைத் தூக்கி மூன்று பேரும் நடந்தார்களாம். பல் டாக்டருக்கு இரண்டு நாள் கழுத்து வலி.

முடிவு சொல்கிற ஞாயிறு வந்தது. நாங்கள் எல்லாரும் போனோம். அம்மா எதிர் வீட்டுத் தையல்காரம்மாவையும் இழுத்து வந்திருந்தாள். ஜன்னலை ஒட்டி உட்கார மட்டும் மறுத்துவிட்டாள்.

"கண்ணாடி தலைல விழும். தள்ளி வா."

ஆர்கன் முழங்கியது. பாடகர்கள் வரிசையாக வந்தார்கள். நடுவில் மாமா, பிரித்துத் தைத்த அங்கியில் அலமாரி நடந்து வருவதுபோல. பாட்டு ஆரம்பித்தது. குரல்கள் தூணுக்குத் தூண் ஏறிக் கூரைக்குப் போயின. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாமாவைக் காணோம். வாய் அசைகிறது, அந்த இடத்திலிருந்து அவர் குரல் என்று ஒன்று வரவே இல்லை. காதை நீட்டினேன். ம்ஹும்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. ஜன்னல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

தையல்காரம்மா அம்மா காதில் குனிந்தார். "உங்க மாப்பிள்ளை சும்மா வாய மட்டும் அசைக்கறாரா?"

"தொண்டை கட்டியிருக்கும்" என்றாள் அம்மா. குரலில் சுரத்தில்லை.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஜன்னலைப் பற்றி அவளுக்கென்ன கவலை? அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோய் வாயை மூடிவிட்டார் மனுஷர். நாளை ராத்திரியும் பழையபடி லோடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் அம்மா யாரையும் கேட்கவில்லை. உடை மாற்றும் அறைக்கு நேரே போய் நின்றாள். நாங்கள் பின்னால் ஓடினோம். மாமா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இன்னும் யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருந்தது.

"நீங்கதானே இங்க பெரியவங்க?" என்றாள் அம்மா கொயர் மாஸ்டரிடம். "எங்க மாப்பிள்ளைய ஏன் பாட விடல? ஒரு சொட்டு கூடக் கேக்கல எங்களுக்கு."

"அத்தை, சும்மா இருங்க" என்றார் மாமா.

"நீங்க இருங்க மாப்பிள்ளை. இன்னிக்குத்தான் சும்மா இருந்தீங்களே."

கொயர் மாஸ்டர் கோபப்படவில்லை. "உங்களுக்குக் கேக்கலையா? நிச்சயமா?"

"சத்தியமா கேக்கல."

"எனக்கும் கேக்கல" என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மூணு மாசமா இவர் மட்டுமே கேட்டுக்கிட்டு இருந்தார். இன்னிக்குத்தான் குழு கேட்டுச்சு."

அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். இந்தம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்கிற பார்வை.

கொயர் மாஸ்டர் கைதட்டினார். பாதி அங்கி கழற்றியவர்களும் அப்படியே நின்றார்கள். "கடைசிப் பாட்டு, கடைசி வரி." பாடினார்கள். மெதுவாக இறங்கி ஓர் ஆழத்தில் போய் உட்காருகிற வரி. "இப்ப இவர் இல்லாம" என்று மாமாவின் கையைத் தொட்டார். மறுபடி பாடினார்கள். அதே வரி, அதே ஆட்கள்.

வரி பாதி இறங்கும்போதே அம்மா குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். மாடிப் படியில் இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்து, இல்லாமல் போகுமே, அந்த மாதிரி எனக்கும் ஒரு தடுமாற்றம். தபால்காரரும் பல் டாக்டரும் தங்களால் முடிந்தவரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டார்கள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"அய்யோ, தரையக் காணோம்" என்றாள் அம்மா.

"அதுதான் உங்க மாப்பிள்ளை. நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. வேலை இவருக்குத்தான்."

அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா அவள் பக்கத்தில் போய் நின்று, இடிக்கு இப்படியும் ஒரு குரல் உண்டா என்கிற மாதிரி, "ராத்திரி லோடுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றார் மெதுவாக. பல் டாக்டர் அவர் முதுகில் தட்டப் போய், முதுகென்று ஞாபகம் வந்து, தோளில் தட்டினார்.

தையல்காரம்மா விடவில்லை. "ஏங்க, ஜன்னல் ஒண்ணும் மிஞ்சாதுன்னீங்களே?"

அறையில் எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கூரையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். எங்கள் வாழ்நாளில் பார்க்காத ஒன்றைப் பிறகு செய்தாள். வலது கையை விறுக்கென்று தலைக்கு மேலே தூக்கினாள்.

குழு முழுக்கச் சிரித்தது. கொயர் மாஸ்டர்கூட.

"என்ன சிரிப்பு? அதான் கையத் தூக்கிட்டேன்ல?" என்றாள் அம்மா. "நிறுத்தாம மேல பாடுங்க. இந்தத் தடவை அவரையும் சேத்துக்கிட்டு."