வீட்டுக்குப் பிந்தி வந்த பேச்சு

முதல் ராக்கெட் மேலே போன வாரத்திலிருந்து, எஞ்சினியரம்மா வீட்டில் பேசுவது யாருக்கும் உடனே கேட்கவில்லை. காலையில் குளியலறையிலிருந்து துண்டு கேட்டால், அது மாலையில்தான் கூடத்தில் ஒலித்தது. மருந்துக்கடை வைத்திருந்த கணவர், கோளாறு தன் காதில்தான் என்று நினைத்து மருத்துவரிடம் போய்வந்தார். காது நன்றாகவே இருந்தது. எஞ்சினியரம்மாவின் வேலையிடத்தில் இந்தத் தொல்லை இல்லை. சோதனை மேடையில் அவர் "நிறுத்து" என்றால் அந்த நொடியே வால்வை மூடினார்கள். அதனால் அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது, அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதுவரை அந்த நாட்டில் திரவ எரிபொருள் எஞ்சின் ஒன்றுகூட ஒழுங்காக எரிந்ததில்லை. பற்றவைத்ததும் தீ நடுங்கும், எஞ்சின் வெடித்துச் சிதறும். பெரிய தலைகளெல்லாம் கைவிரித்த பிறகு, எரிபொருள் தெளிக்கும் தட்டிலுள்ள துளைகளின் சாய்வை மாற்றி மாற்றிப் பார்த்து, மேடையே கதியென்று கிடந்து, தீயை அடங்கவைத்தவர் அவர்தான். அதன்பின் ராக்கெட்டுகள் வரிசையாகப் போயின, ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தொலைவுக்கு. வீட்டில் அவர் பேச்சும் அதற்கேற்பப் பிந்தியது. நாள் வாரமாயிற்று, வாரம் மாதமாயிற்று. எரிவாயு தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது என்பதையெல்லாம் எழுதிக் காட்டிச் சமாளித்தார். மனத்தில் இருப்பதை எழுத உட்கார்ந்தால் மட்டும் அலுவலக அறிக்கை மாதிரி வந்தது; கிழித்துப் போட்டுவிட்டார்.

மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. பெட்டி கட்டியவள் அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான் போகட்டுமாம்மா? வேண்டாம்னா சொல்லு, இருந்துடறேன்."

அம்மாவின் உதடுகள் வெகுநேரம் அசைந்தன. பிறகு ஒரு தாளில் 'போய் வா, உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதி நீட்டினார். மகள் போய்விட்டாள். மழைக்காலம் முடிந்த ஒரு மதியம், சாப்பாட்டுக்காகக் கடையை மூடிவிட்டு வந்திருந்த மருந்துக்கடைக்காரர் காதில் அது விழுந்தது. "போகாதடி. உன்கூட நான் இன்னும் இருக்கவே இல்லையே."

மனைவி வேலையிலிருந்து திரும்பியதும் கணவர், "அன்னைக்கு நீ சொன்னது வந்துச்சு. அவகிட்ட சொல்லட்டுமா?" என்றார். எஞ்சினியரம்மா வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, முகம் கழுவப் போனார். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்றதும் பேச்சு பக்கத்தில் வந்துவிடும் என்று இருவரும் நம்பினார்கள். ஆனால் அவருடைய கடைசிக் கலம் கிரகங்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. வார்த்தைகளுக்கு வருடக்கணக்கில் பிடித்தது. இருந்தும் அவர் முன்னெப்போதையும்விட அதிகமாகப் பேசினார். எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்காரர் மௌனத்துக்குத் தலையாட்டினார். அப்படியே ஒரு காய்ச்சலில் எஞ்சினியரம்மா போய்ச் சேர்ந்தார்.

காரியங்கள் முடிந்ததும் மகள் அப்பாவைத் தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சினாள். தனியாக இந்த வீட்டில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

"அம்மா இன்னும் பேசி முடிக்கலம்மா," என்றார் அவர்.

அவள் வற்புறுத்தவில்லை. அக்கம்பக்கத்தாரும் பழகிப்போனார்கள், அவர் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால் கதவைத் தட்டாமல் அப்புறம் வந்தார்கள். கோடையின் உச்சத்தில் ஒரு நாள், கடையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து அவர் மின்விசிறியின் கீழ் சாய்ந்த நேரம், பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, ஃபேனை நிறுத்துங்களேன். குளிருது."

அவர் எழுந்து போய் நிறுத்தினார்.