குறையாத மந்தை

மழை பொய்த்த ஆண்டில் ஆட்டிடையரின் வருவாய் எவ்வளவு சரிகிறது என்பதே செய்யது அலியின் ஆராய்ச்சிப் பொருள். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்திற்காகச் சென்னையில் பயின்றுவந்த அவன், எட்டயபுரத்திற்கும் குளத்தூருக்கும் இடைப்பட்ட கரிசற்காட்டில் ஆட்டுக்கிடை போடுவோரிடம் பஞ்சத்திற்கு முன்னும் பின்னும் ஆடுகளின் தொகையைக் கேட்டு எழுதியிருந்தான். இரு தொகைகளும் ஒன்றாகவே இருந்தன.

"பஞ்சத்தில் ஓர் ஆடுகூடச் சாகவில்லையா? கோவில்பட்டியில் உம் தந்தையாரின் துணிக்கடையில் அமர்ந்தே எழுதினீரோ?" என்றார் பேராசிரியர். ஜூன் முடிவதற்குள் மெய்யான தொகை வாராவிடில் ஆராய்ச்சிப் பதிவு நீக்கப்படும் என்றும் கூறிவிட்டார்.

செய்யது அலி ஊர் திரும்பி, முன்பு தொகை சொன்ன இடையருள் ஒருவனான மாயகிருஷ்ணனின் கிடைக்கு விடியலில் சென்றான்.

"அண்ணாச்சி, மழ பேஞ்ச வருசத்துலயும் நூத்தியிருவதுன்னீங்க, பஞ்சத்துலயும் அதையே சொல்லுதீங்க. ஒண்ணுமே சாகலையா?"

"செத்தத வாயால சொல்லுவாவளா தம்பி? கொறச்சுச் சொன்னா மந்தையும் கொறஞ்சிரும். நல்லா இருந்தப்ப எவ்வளவோ, அதத்தான் எப்பவும் சொல்லுவோம். எங்க ஆளுவ யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க."

மாயகிருஷ்ணனின் மனைவி பாலம்மாள் கூழ்ச்சட்டியை இறக்கிவைத்துச் சிரித்தாள். "ஆட்ட எண்ணுததுக்கு ஒரு படிப்பா? அதுக்குப் பாசு, பெயிலு வேற உண்டாக்கும்!"

"உண்டுக்கா. நான் பெயிலுதான்."

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. கிடைய ஒருதரம் பாத்துட்டுப் போறேன்."

"பாருங்க. எண்ணிராதீங்க."

முள்ளடைப்பு விரிந்து கிடந்தது. அதன் ஒரு மூலையில் மட்டும், விலாவெலும்பு புடைத்த ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. எண்ணக்கூடாதென்றே செய்யது அலி நினைத்தான். எனினும் அவனையறியாமல் உதடுகள் அசைந்துவிட்டன.

"ஏட்டி, எண்ணுதாவட்டி!" என்று மாயகிருஷ்ணன் அலறினான். பாலம்மாள் ஓடி அடைப்பை இழுத்துத் திறந்தாள். ஆடுகள் சிதறியோடின.

"எத்தன போச்சுன்னு நானே எண்ணிப் பாக்கலயே தம்பி," என்றான் மாயகிருஷ்ணன். "ஒவ்வொண்ணு மூஞ்சியும் எனக்குத் தெரியும். எண்ணுனா தாங்குவனா? போயிருங்க."

செய்யது அலி ஆடுகளை எண்ணுகிறான் என்ற செய்தி அவனுக்கு முன்னே பரவியது. அடுத்தடுத்த கிடைகளில் அவன் தலை தெரிந்ததுமே மந்தைகள் ஓட்டப்பட்டன; அவனுக்குக் கிடைத்தது புழுதியே.

ஜூன் இறுதியில் வெறுங்கையோடு சென்னை சென்று, இடையரின் வழக்கத்தைப் பேராசிரியரிடம் விளக்கினான். அவர் சினம் கொள்ளவில்லை, பொறுமையாகவே கேட்டார்.

"நான் உம்மைப் பழித்தது தவறு. ஆயினும், எக்காலத்தும் அவர்கள் செழிப்புக்காலத் தொகையையே சொல்வார்களெனில், பஞ்சத்திற்கு முன் நீர் எழுதியதும் மெய்யில்லையே? எதிலிருந்து எதைக் கழிப்பீர்?"

கிடையிலேயே அக்கேள்வி அவனுக்குத் தோன்றியிருந்தது. பேராசிரியர் மேசைமேல் இருந்த அவனது ஆய்வேட்டை ஏற்காமல் அவன் பக்கமாகவே நகர்த்தினார். அவன் எடுத்துக்கொண்டான்.