ஆறாம் நம்பர் மீட்டர்

கரண்டு பில்லுக்குப் பயப்படாத ஆறு குடும்பங்கள் கிளியூர் போகிற வழியில் இருந்தன என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். காப்பித் தோட்டத்துக்கு நடுவே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு லைன் வீடுகள். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். ஒரு பல்பையும் ஒரு டிவியையும் வைத்துக்கொண்டு யார் நூறைத் தொடப்போகிறார்கள்? ரீடிங் எடுக்க வருகிறவர் ஆறு வெள்ளை அட்டையிலும் தொகை பூஜ்யம் என்று போட்டுவிட்டு, ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அப்படியிருந்த இடத்தில், ஆறாம் நம்பர் வீட்டு நல்லமுத்துவுக்கு ஒருநாள் ஆயிரத்து இருநூறு ரூபாய் பில் வந்தது.

நல்லமுத்து எஸ்டேட் வேலையிலிருந்து நின்றுவிட்டவர். மனைவி இறந்து நாலு வருடமாகிறது. வீட்டில் இருந்தது ஒரு பல்பு, ஒரு ரேடியோ. வெளியே இரண்டு ஆடு. பில்லைப் பார்த்ததும் யாரோ பங்களாக்காரனுடைய சீட்டு தன் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்து, பத்திரமாக மடித்து ரீடிங்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். அதில் அவர் பெயரைக் காட்டிய பிறகுதான் நம்பினார். ஒரு ஆட்டை விற்றுக் கட்டினார்.

அவருக்காக அதிகம் கோபப்பட்டது முதல் வீட்டுக் காவேரி. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்க, காவேரி எஸ்டேட் வேலையை முடித்துவிட்டு வந்து மாவு ஆட்டி ஒண்டிக்கடை முக்கிலிருந்த இரண்டு டிபன் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பெரிய கிரைண்டரும், மாவு புளித்துப்போகாமல் இருக்க ஒரு ஃப்ரிட்ஜும் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "இந்த மிஷின் கரண்டே இழுக்காதுங்க" என்று சேலத்துக் கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். அதன் பிறகும் அட்டையில் முப்பத்தெட்டு யூனிட்தான் என்று வந்தபோது, வியாபாரிகளிலும் ஒருத்தன் உண்மை பேசுகிறானே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஊர் என்றால் யோசனைக்கா பஞ்சம்? மழைக்காலத்தில் ஈரச் சுவர் வழியாகக் கரண்டு மண்ணில் இறங்குகிறது என்றார் ஒருவர். நல்லமுத்து அன்றிலிருந்து மீதியிருந்த ஆட்டைச் சுவர்ப் பக்கம் கட்டுவதில்லை. பல்பே வேண்டாம் என்றார் இன்னொருவர். நல்லமுத்து வீட்டுக்குள் இருந்த மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, இரண்டு மாதம் மண்ணெண்ணெய் விளக்கில் சோறு தின்றார் பாவம். அடுத்த பில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது.

"இருட்டுல உக்காந்ததுக்கு நானூறு ரூவா சேத்திப் போட்டிருக்கறாங்க அம்மணி" என்றார் காவேரியிடம். கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிச் சொன்னார்.

காவேரி ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவரைக் கரண்டு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கேள்வி கேட்பதற்கு நான்கு பேர் இருந்தார்கள், பதில் சொல்வதற்குத்தான் ஆளில்லை.

"ஊட்ல ஹீட்டர் இருக்குதா?"

"இல்லீங்க. ஒரு லைட்டுதானுங்க. அதையும் போடறதில்லீங்க."

"போடாம எப்படி ஓடும்?"

"அதத்தானுங்க நாங்களும் கேக்கறோம்" என்றாள் காவேரி.

மீட்டரைச் சோதிக்கப் பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினார். வந்து பார்த்தார்கள். மீட்டர் தங்கமான மீட்டர், ஒரு யூனிட் கூடவோ குறையவோ ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மீட்டர் நல்ல மீட்டராம், கம்பி நல்ல கம்பியாம். அப்படியானால் பொய் சொல்வது பல்பா? காவேரிக்குத் தலை சுற்றியது. ஆபீசில் நின்றபோது இன்னொன்றும் காதில் விழுந்தது. வீட்டு இணைப்பில் தையல் மிஷின் வைத்து ஆள்போட்டுத் தைத்த ஒரு பெண்ணிடம், இது வியாபாரக் கணக்கு, பழைய மாதங்களுக்கும் சேர்த்து அபராதம் வரும் என்று எழுத்தர் அதட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழுதாள். காவேரி அதைப் பார்த்துவிட்டு, நமக்குத்தான் பில்லே வருவதில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு மீட்டரும் கம்பத்துப் பக்கத்தில், நல்லமுத்து வீட்டு வெளிச்சுவரில் ஒரே பலகையில் இருந்தன. இருட்டில் இருந்து பயனில்லை என்று பல்பை மறுபடி போட ஆரம்பித்திருந்த நல்லமுத்து, வேறு வேலை இல்லாத மனிதர், ஸ்டூலைப் போட்டுத் தன் மீட்டர் எதிரே உட்கார்ந்துவிட்டார். ஓடும்போது அதில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டுவிட்டு மின்னும்.

ஒரு வெள்ளிக்கிழமை, நாலரை மணி இருக்கும். காவேரி அரிசியைப் போட்டு அப்போதுதான் கிரைண்டரை ஓட விட்டிருந்தாள். "அம்மணீ, ஓடி வா! பேய் புடிச்சாப்பல துடிக்குது!" என்று நல்லமுத்து கத்தினார். கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடினாள். சிவப்புப் பொட்டு நிதானமாக, நினைத்து நினைத்து மின்னியது.

"இப்பத்தான் துடிச்சுது. நீ வந்ததும் அடங்கிருச்சு பாரு."

அவள் திரும்பிப் போய் சுவிட்சைப் போட்டாள். "மறுக்காவும் துடிக்குது!" என்று குரல் வந்தது. நிறுத்திவிட்டு வந்தாள். அடங்கிவிட்டது. மூன்றாவது தடவையும் அப்படியே. நல்லமுத்துவுக்கு ஒரே ஆச்சரியம். "உன் கைராசிதான் அம்மணி. நீ இங்கயே கொஞ்ச நேரம் உக்காரு. எனக்குக் காசு மிச்சம்" என்று சிரித்தார்.

நான்காவது தடவை வீட்டுக்குப் போன காவேரி சுவிட்ச் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். போட்டாள். "துடிக்குது!" அணைத்தாள். "நின்னுருச்சு!" மறுபடி போட்டாள். அது எப்படி முடியும்? தன் வீடு இந்தக் கோடி, அவர் வீடு அந்தக் கோடி. நடுவில் நாலு வீடு. தன் அட்டை ஒன்றாம் நம்பர், அவர் அட்டை ஆறாம் நம்பர். எங்கே எது மாறியது என்று அவளுக்கு விளங்கவில்லை. அவர் விற்ற ஆடு தன் கிரைண்டருக்குள் போயிருக்கிறது என்பது மட்டும் விளங்கிவிட்டது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் அபராதம் வரும், குழுக்கடன் நிற்கும், டிபன் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். சனிக்கிழமை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வந்து இரண்டாவது ஆட்டுக்கு விலை பேசினான். ஆடு முரண்டு பிடித்தது. பக்கத்தில் நின்றவள் காவேரிதான். கயிற்றைப் பிடித்து வியாபாரி கையில் கொடுத்தாள். ஏன் கொடுத்தோம் என்று ராத்திரி முழுவதும் அவளுக்கே புரியவில்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் கை நீண்டுவிட்டது.

திங்கட்கிழமை நல்லமுத்து பணத்தோடு ஆபீசுக்குப் போனார். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் அதே பதில். புதன்கிழமை கவுண்டரில் ஆளே இல்லை. வியாழக்கிழமை கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. ஆனால் எழுந்த கையோடு அது செய்த முதல் வேலை, பணம் கட்டாதவர்களின் பட்டியலைத் துப்பியதுதான். கட்ட வந்தவரைத் துரத்திவிட்டு, கட்டவில்லை என்று பெயர் எழுதுகிற சாமர்த்தியம் வேறு எந்த ஆபீசுக்கு வரும்!

அன்று சாயங்காலமே லைன்மேன் ராஜேந்திரன் ஏணியும் பட்டியலுமாக வந்து நின்றார். பணம் வேட்டி மடிப்பில் இருக்கிறது என்று நல்லமுத்து அவிழ்த்துக் காட்டினார்.

"நான் கையில வாங்கக்கூடாதுங்க பெரியவரே. எனக்குப் புடுங்கறது மட்டுந்தான் வேலை" என்று சொல்லி, ஆறாம் நம்பர் மீட்டருக்குக் கீழே இருந்த ஃபியூஸ் கட்டையை உருவினார்.

முதல் வீட்டில் கிரைண்டர் நின்றது. நல்லமுத்து வீட்டுப் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

ராஜேந்திரன் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். முகம் மாறியது. "ஏனுங்க பெரியவரே, கொக்கி போட்டிருக்கறீங்களா? திருட்டுக் கரண்டா? இதுக்கு ஜெயிலு தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சாமி சத்தியமா தெரியாதுங்க" என்று நல்லமுத்து இரண்டு கையையும் கூப்பினார். ராஜேந்திரன் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். ஐந்து வீட்டுச் சனமும் வெளியே வந்துவிட்டது.

காவேரி ஈரக்கையோடு ஓடி வந்தாள். "அவுரு இல்லீங்க. நாந்தானுங்க. அந்த மீட்டரு எங்கூட்டுதுங்க. என்ற கிரைண்டருதானுங்க அதுல ஓடுது."

"அம்மணி எனக்கோசரம் பொய் சொல்லுதுங்க" என்றார் நல்லமுத்து அவசரமாக. "அத எழுதிக்காதீங்க. என்ற பேரையே எழுதிக்கோங்க."

காவேரி ராஜேந்திரன் பக்கம் திரும்பினாள். "நீங்க அந்தக் கட்டயத் திரும்பச் சொருகிப் பாருங்க சார்" என்றாள்.

சொருகினார். ஆளில்லாத முதல் வீட்டுக்குள் கிரைண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

ராஜேந்திரன் பலகையையும் வீடுகளையும் மாறிமாறிப் பார்த்தார். "எஸ்டேட் கணக்குல ஒண்ணாம் நம்பர் ஊடு எதுங்க?"

"என்றது. எஸ்டேட் ஆபீஸ் பக்கத்துலருந்து எண்ணுவாங்க."

"போச்சுடா. மீட்டர் மாட்டுனவன் கம்பம் இருக்கற இந்தக் கோடியிலருந்து எண்ணிட்டான். எஸ்டேட் ரைட்டர் எழுதிக் குடுத்த பேரு ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம். ஆறு பேரும் ஆறு வருசமா அடுத்தவங்க அட்டையில ஓட்டிட்டு இருந்திருக்கறீங்க." தலையைச் சொறிந்தார். பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். இதை எழுத அதில் இடம் இல்லை. "நான் இப்ப யாருத புடுங்கறதுன்னே தெரியலீங்களே. ஆபீசுல கேட்டுட்டு வாரனுங்க" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சனங்களுக்கு ஒரே சிரிப்பு. யார் பூஜ்யம் யாருடைய பூஜ்யம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். காவேரி மட்டும் சிரிக்காமல் நல்லமுத்து எதிரே நின்றாள்.

"அந்தப் பணத்த நீங்களே வெச்சுக்கோங்க மாமா. இந்த பில்லயும் பழய பில்லயும் நான் குடுத்துடறனுங்க. மாசாமாசம் குடுத்துடறனுங்க."

"பணம் கெடக்குது உடு" என்றார் நல்லமுத்து. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல் இருந்தார். "உனக்கு எப்பத் தெரியும் அம்மணி? இப்பத்தானா?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"போன வெள்ளிக்கெழமைங்க."

"வெள்ளிக்கெழம" என்றார் அவர். விரலை மடக்கி எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்றாவது விரலோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டு, அவள் கைகளையே பார்த்தார். பிறகு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.