ஏ டிரைவில் ஒரு கொலைகாரன்

அக்கா எழுதிய துப்பறியும் நாவலில் கொலை செய்தது யார் என்பது அக்காவுக்கே மறந்துவிட்டது. சிரிக்காதீர்கள், எழுதி முப்பத்தைந்து வருடம் ஆகிறது. இப்போதுதான் ஒரு பதிப்பாளர் போடுகிறேன் என்றிருக்கிறார். அச்செடுத்து வைத்த தாள்களில் கடைசி அத்தியாயம் இல்லை. அது ஒரே ஒரு ஃப்ளாப்பியில், அந்தக் காலத்து கம்ப்யூட்டர் தட்டில், இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் புத்தகம் கிடையாது. அதனால் அக்கா, மாமாவையும் கூட்டிக்கொண்டு ஃப்ளாப்பியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பழைய கம்ப்யூட்டர்கள் எனக்குப் பித்து. கட்டிலடி, பரண், எங்கும் அவைதான். அவற்றில் ஒன்றில் அக்காவின் ஃப்ளாப்பிக்குப் பொருந்தும் பழைய டிரைவை மாட்டினேன். டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு அதைப் புது ரக டிரைவ் என்று நினைத்துக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டரின் செட்டப்பில் திருத்தினேன். தவறி எதையும் எழுதிவிடாமலிருக்க ஃப்ளாப்பியின் ஓரவெட்டில் டேப் ஒட்டினேன்.

மிச்சம் ஜம்பர். டிரைவின் பின்னால் அரிசி அளவில் ஒரு தொப்பி. இது ஒன்றாவது டிரைவா, அதாவது ஏ டிரைவா, இரண்டாவதா என்று சொல்வது அதுதான்; கம்ப்யூட்டர் தேடுவது ஒன்றாவதை. ஆனால் கேபிளின் கடைசி முனைக்கு முன்னால் சில கம்பிகள் முறுக்கியிருக்கும். அந்த முறுக்கு இரண்டை ஒன்றாக்கிவிடும், ஒன்றை இரண்டாக்கிவிடும். எனவே கடைசி முனையில் மாட்டினால் ஜம்பரை இரண்டில் வைக்க வேண்டும். வைத்தேன். டீ போடப் போனேன்.

வந்து பார்த்தால் டிரைவ் மூச்சே விடவில்லை. எரிச்சலில் கேபிளைத் திட்டிக்கொண்டே, முறுக்கில்லாத நடு முனைக்கு மாற்றினேன். அங்கே ஜம்பர் ஒன்றில் இருக்க வேண்டும். பார்த்தால், நான் வைத்த நினைவே இல்லை, ஆனால் அது ஒன்றில்தான் இருந்தது! வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு கைகழுவப் போனேன். திரும்பி வந்து போட்டால், மறுபடி மௌனம்.

எனக்கு அழுகையே வந்தது. பக்கத்தில் அக்கா நகம் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இருப்பது இந்த ஒரு புத்தகம்தான்.

சட்டென்று அக்கா திரும்பி மாமாவைப் பார்த்தாள்.

"ஏங்க, என் புருவம் திருத்துற இடுக்கி உங்க சட்டைப் பையில என்ன பண்ணுது?"

மாமா முகத்தில் ஈயாடவில்லை.

"இல்ல மாப்ளே, இருக்கறதே ஒரு டிரைவு. அது எப்படி ரெண்டாவதாகும்னுதான் ஒண்ணுக்கு மாத்தினேன்."

"சரி, அப்புறம்?"

"நீ கேபிளத் திட்டினியா, பாவமா போச்சு. உன் இஷ்டப்படியே இருக்கட்டும்னு மறுபடி ரெண்டுல வெச்சுட்டேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி இவர்தான். இடுக்கியைப் பிடுங்கி ஜம்பரை ஒன்றில் வைத்தேன். டிரைவ் கரகரவென்று சுற்றியது. திரையில் கடைசி அத்தியாயம்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். கொலைகாரன், கதாநாயகியின் தம்பி. எதைக் கண்டாலும் சரி பண்ணுகிறேன் என்று பிரித்துப்போடுகிறவன்.

"அட, இப்ப ஞாபகம் வந்துடுச்சு!" என்றாள். "அந்த வருஷம்தான்டா நீ என் டைப்ரைட்டரைப் பிரிச்சே. அதுக்கப்புறம்தான் நான் கம்ப்யூட்டருக்கு மாறினேன். அதை என்னடா பண்ணே?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அது பரணில் இருக்கிறது, இன்னும் பிரித்தபடியே. நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.